மூணு வெள்ளை

பதிவுப் பக்கம் எட்டிப் பார்த்து ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. போன பதிவுல "காருக்கு நானே மெஷின் பாலிஷ் போடப் போறேன்"னு சவடால் விட்டுட்டுப் போன ஆளைக் காணோமேன்னு ரெண்டு மூணு பேர் மெயில்ல விசாரிச்சிருந்தீங்க. போட்டாச்சு மக்களே, போட்டாச்சு. பாலிஷ் எப்படிப் போடுறதுன்னு சொல்ல உலகத்துல ஆயிரம் பேர் இருக்காங்க. போட்ட பாலிஷை எப்படி எடுக்குறதுன்னுதான் யாரும் எனக்கு உருப்படியா சொல்லித் தரலை. அதுல நான் பட்ட பாடுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

எங்க ஊர் மரக்காணம்னு அடிக்கடி வர்றவங்களுக்குத் தெரியும். புதுசா வர்றவங்களுக்காக: சென்னையிலேர்ந்து ஈ.சி.ஆர்.ல பாண்டிச்சேரி போறப்ப, கடப்பாக்கம் தாண்டினதும் கண்ணாடியை உடைச்சுப் பரப்பின மாதிரி பாத்தி பாத்தியா தண்ணி தெரியுமே, நடுநடுவுல வெள்ளையா குவிச்சு வச்சிருப்பாங்களே, நீங்ககூட வண்டியை ஓரங்கட்டி செல்ஃபி எடுத்துட்டுப் போவீங்களே, அதான். ஆந்திராவுல கிளம்பி 420 கி.மீ. வர்ற பக்கிங்ஹாம் கால்வாய் எங்க ஊர்ப் பக்கம் வந்துதான் முடியுது. ஆயிரக்கணக்கான ஏக்கர் உப்பளம். எங்கப்பா முப்பது வருஷத்துக்கு மேல அளத்துல வேலை பார்த்தவர். நான் இன்ஜினியரிங் படிச்சு சோழிங்கநல்லூர்ல பொட்டி தட்டுறது அந்த உப்புலதான்.

நிற்க. காருக்கு வருவோம்.

கார் என்னோடது இல்ல, மாமாவோடது. அக்கா வீட்டுக்காரர். 2012 மாடல் ஸ்விஃப்ட், கருநீலம். மாமா ரெண்டு கூட்டாளிங்களோட சேர்ந்து கொஞ்சம் அளம் குத்தகைக்கு எடுத்து ஓட்டுறார். 2024 நவம்பர் 30-ம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் பாண்டிச்சேரிக்குப் பக்கத்துல கரை கடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்களுக்குப் பக்கத்துல மயிலத்துல ஒரே நாள்ல சுமார் 50 செ.மீ. கொட்டுச்சு. அளத்துல குவிச்சு வச்சிருந்த உப்பு கரைஞ்சு போச்சு. வரப்பு உடைஞ்சு பாத்தியெல்லாம் சேறு. பாத்தி கட்டுறதுங்கறது மண்ணை வெட்டிப் போடுற வேலை இல்லைங்க. தரையை மிதிச்சு மிதிச்சு கெட்டியாக்கணும். இல்லைன்னா தண்ணி கீழ இறங்கும், வார்ற உப்புல மண் வரும். அந்தக் கூலிக்கு மாமா வட்டிக்கு வாங்கினார். சீசன் ஆரம்பிக்கிறதுக்குள்ள கடனைக் கொஞ்சமாவது குறைக்கணும்னு காரை விக்கிறதா முடிவு. 2025 மார்ச்ல ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பார்க்க வர்றதா ஒருத்தர் சொல்லியிருந்தார்.

"மாப்ள, நீதான் ஏதோ மெஷின் வாங்கியிருக்கியாமே. வண்டியைக் கொஞ்சம் பளபளன்னு ஆக்கிக் குடேன்"னார். போன தீபாவளித் தள்ளுபடியில 6,000 ரூபாய்க்கு வாங்கி, பிரிக்காமலே கட்டிலுக்கடியில கிடந்த மெஷினுக்கு வாழ்வு வந்துச்சு. வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறிட்டேன்.

இப்ப கொஞ்சம் டெக்னிக்கல். போரடிச்சா அடுத்த பத்திக்குத் தாவிடுங்க. கார் பெயிண்ட்டுக்கு மேல நிறமே இல்லாத ஒரு அடுக்கு இருக்கு, கிளியர் கோட்னு பேரு. பொதுவா 40, 50 மைக்ரான் தடிமன். நம்ம தலைமுடியைவிட மெல்லிசு. வெயில்ல பார்த்தா பல்பைச் சுத்தி சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமா கோடு தெரியும் பாருங்க, அது இந்த அடுக்குல விழுந்த சிராய்ப்பு. பெரும்பாலும் மண்ணோட சேர்த்து அழுக்குத் துணியால துடைச்சதுல வர்றது. காம்பவுண்ட்ங்கறது அலுமினியம் ஆக்சைடு மாதிரி கெட்டியான பொடியை எண்ணெயிலயும் தண்ணியிலயும் கலந்த பசை. மெஷின்ல பேட் மாட்டி, அந்தப் பசையைத் தடவி ஓட்டினா கிளியர் கோட்டை ஒண்ணு ரெண்டு மைக்ரான் சீவி, கோட்டோட விளிம்பை மழுக்கும். அப்புறம் இன்னும் சன்னமான பாலிஷ். சரி, சீவி எடுத்த பெயிண்ட்டு தூளு எங்க போகும்? எங்கயும் போகாது. உடைஞ்ச பொடி, சீவின தூளு, எண்ணெய் எல்லாம் கலந்து பேட்லயும் கார் மேலயும் எச்சமா உட்கார்ந்துக்கும். வேலையில பாதி அதை எடுக்கிறதுதான். எனக்கு அது சனிக்கிழமை காலையில தெரியாது. அவ்வ்வ்வ்.

சனிக்கிழமை எட்டு மணிக்கு எந்திரிச்சு, போர் தண்ணியில காரைக் கழுவி, தென்னங்கீத்துப் பந்தலுக்குக் கீழ நிறுத்தி வேலையை ஆரம்பிக்கறப்ப மணி பத்து. பந்தல்னா பாதி நிழல், பாதி வெயில். பானெட் தொட்டா சுட்டுச்சு. சரி பார்த்துக்கலாம்னு மெஷினைப் போட்டேன். நாம பேட்ச் பிராசஸிங் பழகினவங்களாச்சே. ஒவ்வொரு பகுதியா ஓட்டித் துடைச்சு, ஓட்டித் துடைச்சு எதுக்கு நேரத்தை வீணாக்கணும், முழுக் காருக்கும் காம்பவுண்ட் போட்டு முடிச்சுட்டு கடைசியில மொத்தமா துடைச்சுக்கலாம்னு என் மூளை ஒரு டிசைன் பண்ணுச்சு. இந்த டிசைனை எங்க டேமேஜர் பார்த்திருந்தா ப்ரமோஷனே குடுத்திருப்பார்.

மத்தியானம் ஒரு மணிக்குத் துடைக்க உட்கார்ந்தேன். சூட்டுல தண்ணியும் எண்ணெயும் காஞ்சு, பொடி மட்டும் சிமெண்ட் பூசின மாதிரி ஒட்டிக்கிட்டிருந்தது. மைக்ரோஃபைபர் துணி வழுக்கிக்கிட்டுப் போகுதே தவிர ஒண்ணும் வரலை. அழுத்தித் தேய்ச்சேன். தேய்ச்ச இடத்துல புதுசா கோடு விழுந்துச்சு. எந்தக் கோட்டை எடுக்க வந்தேனோ அதே கோடு. கதவு இடுக்கு, நம்பர் பிளேட், பின்னாடி இருக்கிற எழுத்து, கறுப்பு ரப்பர் பட்டை எல்லாத்துலயும் வெள்ளை. கடுப்புல போர் தண்ணியை பக்கெட் பக்கெட்டா ஊத்தினேன். அது வெயில்ல காஞ்சு, சொட்டு சொட்டா இன்னொரு வெள்ளை. மூணு மணிக்கு மேல கடல்காத்து ஏறுச்சு. சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பார்த்தா கார் கருநீலமும் இல்ல, வெள்ளையும் இல்ல. மாமா வந்து பார்த்துட்டு ஒண்ணும் பேசாம உள்ள போயிட்டார். அவர் திட்டியிருந்தாக்கூட தேவலை.

ராத்திரி ஏழு மணி வாக்குல அப்பா வந்தார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. கையில டார்ச். பானெட் மேல விரலை வச்சு இழுத்துப் பார்த்தார். அப்புறம் கதவுல ஒரு இடம். அப்புறம் மேல் கூரையில ஒரு இடம். அங்க தொட்ட விரலை நாக்குல வச்சார்.

"அப்பா, கெமிக்கல்பா அது!"

"இது கெமிக்கல் இல்லடா. இது நம்ம வெள்ளை"ன்னார். "ஈரம் புடிச்சிருக்கு பாரு. உப்பு ராத்திரியில வேர்க்கும். அந்தச் சொட்டுச் சொட்டா இருக்கிறது போர் வெள்ளை. அது வேர்க்காது, கெட்டியா நிக்கும். பானெட்ல இருக்கிறது நீ போட்ட வெள்ளை. அதுல எண்ணெய் வாசனை வருது. மூணையும் ஒண்ணா நெனச்சு ஒரே துணியால தேய்ச்சா எப்படிடா போகும்?"

நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சவன் கையில துணியோட நிக்கிறேன்.

அப்புறம் உட்கார்ந்து பேசினப்பதான் எனக்கு அது வெறும் அனுபவ வாக்கு இல்ல, சுத்தமான கெமிஸ்ட்ரின்னு புரிஞ்சது. உப்பு, காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினா தானாவே தண்ணியை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். எங்க ஊர்ல ராத்திரியானா அது சாதாரணமா தாண்டும். அதனால காத்துல வந்து படியிற உப்பு பகல்ல வெள்ளைப் பொடி, ராத்திரி பிசுபிசு. போர் தண்ணியில சுண்ணாம்புச் சத்து. அது காஞ்சா கார்பனேட்டா படிஞ்சு நிக்கும், தண்ணி ஊத்தினாலும் கரையாது, லேசா அமிலம் வேணும். காம்பவுண்ட் எச்சத்துல பொடியைப் பிடிச்சு வச்சிருக்கிறது எண்ணெய். அதுக்கு தண்ணியும் ஆகாது, வினிகரும் ஆகாது, எண்ணெயைக் கரைக்கிற சரக்கு வேணும். பார்க்க மூணும் வெள்ளை. குணம் மூணும் வேற.

அப்பாவுக்கு இது எப்படித் தெரியும்னா, அளத்துல அவர் வேலையே இதுதான். கடல்தண்ணி போமே மீட்டர்ல 3, 3.5 டிகிரி காட்டும். பாத்தி பாத்தியா மாத்தி வெயில்ல சுண்டவிட, முதல்ல சுண்ணாம்பு படியும். 13 டிகிரியைத் தாண்டினா ஜிப்சம் படியும். 25 டிகிரி வந்தாத்தான் நம்ம உப்பு. அதோட நிக்காம 30 வரைக்கும் விட்டுட்டா மெக்னீசியம் உப்பு சேர்ந்து கசக்கும். அதுக்கு முன்னாடியே கசப்புத் தண்ணியை வடிச்சு வெளிய விடணும். எந்த வெள்ளையை எந்தப் பாத்தியில விட்டுட்டு வரணும், எதை வாரணும், எதை வடிக்கணும். இவ்வளவுதான் உப்பு விளைச்சல். மீட்டர் இல்லாத நாள்ல தண்ணியோட நெறத்தையும், நாக்கையும் வச்சே சொல்லிடுவார்.

ஞாயித்துக்கிழமை விடிகாலை நாலரைக்கு எந்திரிச்சேன். இந்தத் தடவை செஞ்சதை வரிசையா சொல்றேன், யாருக்காவது உபயோகப்படும்.

முதல்ல நம்ம வெள்ளை. துணியே தொடாம வெறும் தண்ணியை நிறைய ஊத்தி உப்பைக் கரைச்சு இறக்கினேன். காத்துல உப்போட மணலும் வந்து உட்கார்ந்திருக்கும், காஞ்ச நிலையில துடைச்சா அந்த மணல்தான் கோடு போடும். அப்புறம் ஷாம்பு. கடைசி அலசலுக்கு போர் தண்ணி வேண்டாம்னு ஒரு கேன் தண்ணியைத் தூக்கிட்டு வந்தேன். அம்மா வாசல்லயே மறிச்சுட்டாங்க. "குடிக்கிற தண்ணியைக் காருக்கு ஊத்துவியா? எங்க ஊர்ல தண்ணி எப்படி வருதுன்னு மறந்துட்டியா?" மறக்கலை. அரை கேன்தான் கிடைச்சது, பூவாளியில ஊத்தி சிக்கனமா அலசினேன். சொட்டு நிக்க விடாம உடனே ஈரத்தை ஒத்தி எடுத்தேன்.

ரெண்டாவது போர் வெள்ளை. வினிகரையும் தண்ணியையும் சரிபாதியா கலந்து, துணியில நனைச்சு கறை மேல ஒரு நிமிஷம் ஒத்தி வச்சு எடுத்து, நல்லா கழுவிட்டேன். முதல்ல ஒரு மூலையில வச்சுப் பார்த்துட்டுதான் மத்த இடம். அம்மா குத்துவிளக்குக்குப் போடுற புளியை எடுத்துக் குடுத்தாங்க. கொள்கை சரிதான், அமிலம் அமிலம்தான். ஆனா நாரும் கொட்டைத் துணுக்கும் பெயிண்ட்டைக் கீறிடுமேன்னு பணிவா மறுத்துட்டேன் :-)

மூணாவது என் வெள்ளை. காஞ்சு இறுகினதை பலத்தைக் காட்டி எடுக்கக் கூடாது. ஊற வைக்கணும். ஐசோப்ரொபைல் ஆல்கஹால் ஒரு பங்கு, தண்ணி ஆறு பங்கு. அந்தத் தண்ணியும் பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர். போர் தண்ணியில கலந்தா மறுபடி ரெண்டாம் வெள்ளை வந்துடும். ஸ்ப்ரே அடிச்சு அரை நிமிஷம் விட்டு, அழுத்தாம வழிச்சு எடுத்தேன். அதுக்கும் வராத இடத்துல புது பாலிஷ் ஒரு சொட்டு விட்டு, மெதுவா ஒரு சுத்து ஓட்டி உடனே துடைச்சா பழசும் புதுசும் சேர்ந்து வந்துடுது. எண்ணெயை எண்ணெயே இளக்குது. இடுக்குக்கெல்லாம் பழைய டூத் பிரஷ். ஸ்ப்ரே அடிக்கிறப்ப பக்கத்துல அடுப்பு, பீடி எதுவும் இருக்கக் கூடாது, சட்டுனு பத்திக்கும். திண்ணையில உட்கார்ந்து பீடி குடிச்சிட்டிருந்த பக்கத்து வீட்டுப் பெரியவரைக் கெஞ்சி எதிர்வீட்டுத் திண்ணைக்கு அனுப்பினேன்.

அப்புறம் மறுபடி காம்பவுண்ட், இந்தத் தடவை முறையா. ரப்பர் பட்டைக்கெல்லாம் மாஸ்கிங் டேப். ரெண்டடிக்கு ரெண்டடி, அவ்வளவுதான் ஒரு நேரத்துக்கு. ஓட்டி முடிச்ச உடனே துடைப்பு. ஒவ்வொரு பகுதி முடிஞ்சதும் பேடை பிரஷ்ஷால சுரண்டிச் சுத்தம் பண்ணணும். எச்சம் சேர்ந்த பேட் வெட்டாது, சூடாகும், மங்கல் அடிக்கும். துணியை நாலா மடிச்சா ரெண்டு பக்கமும் சேர்த்து எட்டு முகம் கிடைக்கும், ஒவ்வொண்ணா மாத்திக்கிட்டே வரணும். கீழ விழுந்த துணியை அன்னிக்கு மறுபடி தொடக் கூடாது. எங்க வீட்டு வாசல்ல மண்ணும் உப்பும் பாதிக்குப் பாதி. வெயில் ஏர்றதுக்குள்ள காம்பவுண்ட், பதினோரு மணிக்குள்ள பாலிஷ்னு முடிச்சுட்டு நிமிர்ந்தா, சத்தியமா சொல்றேன், பானெட்ல தென்னை மரம் ஓலை ஓலையா தெரிஞ்சது. மாமா வந்து பார்த்தார். ஒரு நாளைக்கு அப்புறம் முதல் தடவையா சிரிச்சார். "மாப்ள, புது வண்டிடா இது!"

இங்க முடிச்சிருந்தா இது சாதாரண பதிவு. பிரச்சினையே இனிமேதான்.

பாலிஷ் போட்டு முடிச்ச பளபளப்பு முழுசும் உண்மை இல்லைங்க. அதுல இருக்கிற எண்ணெய் மீதியிருக்கிற கோட்டுக்குள்ள போய் உட்கார்ந்து நிரப்பிக்கும். ஈரத்தரையில கீறல் தெரியாது பாருங்க, அந்த மாதிரி. சில பாலிஷ்ல இதுக்குன்னே நிரப்புற சரக்கும் சேர்க்கிறாங்க. நாலஞ்சு தடவை கழுவினா எண்ணெய் போய் கோடு எல்லாம் திரும்ப வரும். எனக்கு முன்னாடி ஒரு தடவை இதே நடந்திருக்கு. ஃப்ரெண்டோட காரை சென்னையில ஒரு கடையில விட்டு 8,000 ரூபாய் அழுது, கண்ணாடி மாதிரி எடுத்துட்டு வந்தோம். ஒரு மாசத்துல பழைய சிலந்தி வலை. கேட்டா "நீங்க கழுவற விதம் சரியில்ல சார்"னு நம்மளையே திருப்பி விட்டாங்க. அதனால முறையா செய்யிறவங்க பாலிஷ் முடிஞ்சதும் முழு வண்டியையும் அதே ஆல்கஹால் தண்ணியால ஒரு தடவை துடைச்சு, எண்ணெய் மொத்தத்தையும் எடுத்துட்டு, நிஜமா என்ன மிச்சம் இருக்குன்னு பார்ப்பாங்க. மேல வேக்ஸோ சீலன்ட்டோ போட்டாலும் அப்பத்தான் ஒட்டும்.

ட்ரைவர் பக்கம் பின் கதவுல நான் ஒரு ஓரமா அப்படித் துடைச்சுப் பார்த்தேன். நாலு விரக்கடை நீளத்துக்கு ஒரு கீறல் மேல வந்துச்சு. நகத்தை வச்சு இழுத்தா நகம் மாட்டுது. அப்படி நகம் மாட்டுற கீறலை பாலிஷ்ல எடுக்கப் பார்த்தா கிளியர் கோட்டே காலியாயிடும். அந்தக் கதவைத் திரும்ப பெயிண்ட் அடிச்சாத்தான் உண்டு. ஓரமா துடைச்சது நாலு விரக்கடைன்னா மீதி எவ்வளவு?

பாட்டிலைக் கையில வச்சிக்கிட்டு நிக்கிறேன். மாமா பார்த்துட்டார்.

"அது என்ன கோடு? இப்ப இல்லையே."

விளக்கினேன்.

"அப்ப துடைக்காத. எண்ணெய் இருக்கட்டும். சாயங்காலம் ஆள் வந்து பார்த்துட்டுப் போகட்டும்."

"இல்ல மாமா, நாலு தடவை கழுவினா அவருக்குத் தெரிஞ்சிடும்..."

"நாலு தடவை கழுவறப்ப வண்டி அவருது மாப்ள. எனக்கு இருக்கிற கடன் என்னுது. நீ மாசச் சம்பளக்காரன், உனக்கு இது விளையாட்டு."

அவர் சொன்னதுல தப்பு என்னன்னு எனக்கு உடனே பதில் வரலைங்க. இப்பவும் முழுசா வரலை. நாம யாரும் பொய் சொல்லப் போறதில்ல. பாலிஷ் போட்ட வண்டியைக் காட்டப் போறோம். ஊர் உலகத்துல எல்லாரும் அப்படித்தான் விக்கிறாங்க. ஃபெஞ்சல்ல மூழ்கினது என் பாத்தி இல்ல, அவர் பாத்தி. மெஷின் வாங்கினவன் அட்வைஸ் பண்றது சுலபம்.

அப்பா திண்ணையில உட்கார்ந்திருந்தார். இந்த மாதிரி நேரத்துல பெரியவங்க பழமொழி சொல்லுவாங்க. எங்கப்பா சொல்ற ஆள் இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சு அவர் பாட்டுக்குப் பேசினார்.

"உப்பு வாரிக் குவிச்சா தண்ணி வடியணும் மாப்ள, உங்களுக்குத் தெரியாததில்ல. வடியறதுக்கு முன்னாடி மூட்டை புடிச்சா எடை நிக்கும். நான் ஒரு தடவை புடிச்சிருக்கேன். மொதலாளி அவசரம்னார், லாரி வந்து நின்னுடுச்சு, நானும் சரின்னு ஏத்திட்டேன். கசப்புத் தண்ணி உள்ள இருந்தா அது எத்தனை நாளானாலும் காயாது, வேர்த்துக்கிட்டே இருக்கும். போய்ச் சேர்றதுக்குள்ள லாரித் தளம் பூரா தண்ணி. அந்த ஆள் சண்டைக்குக்கூட வரலை. அதுக்கப்புறம் எங்க அளத்துப் பக்கமே வரலை." கொஞ்சம் நிறுத்தினார். "அவரு பொண்ணு கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வச்சவரு."

அவ்வளவுதான் சொன்னார். துடைன்னும் சொல்லலை, துடைக்காதன்னும் சொல்லலை. மாமா வெளிய போய் கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்துக்கிட்டு நின்னார். திரும்பி வந்து "துடைச்சுத் தொலை"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டார்.

துடைச்சேன். கை வரலை, ஆனாலும் துடைச்சேன். கதவுக் கீறல் முழுசா பார்த்தப்ப ஒரு ஜாண். பானெட்ல ரெண்டு, பின்னாடி பம்பர் ஓரம் ஒண்ணு. மத்தபடி சிலந்தி வலை நிஜமாவே போயிருந்தது, அது என் உழைப்பு. மேல வேக்ஸ் ஒரு கை போட்டு நிறுத்திட்டேன்.

நாலு மணிக்கு ஆள் வந்தார். கடப்பாக்கம் பக்கம், முப்பது முப்பத்தஞ்சு வயசு, கூட அவர் மனைவி, ஒரு சின்னப் பொண்ணு. வாங்கப் போற முதல் கார். அந்தப் பொண்ணு நேரா பானெட்ல மூஞ்சியைப் பார்த்து நாக்கை நீட்டுச்சு. அவர் என்ன பண்ணினார்ங்கறீங்க? பெயிண்ட்டைப் பார்க்கவே இல்லைங்க! முட்டி போட்டு உட்கார்ந்து, கதவுக்குக் கீழ கையை விட்டுத் தடவினார். டார்ச் அடிச்சு அடிவயித்தைப் பார்த்தார். சக்கரத்துக்குப் பின்னாடி விரல் மொளியால தட்டித் தட்டி சத்தம் கேட்டார். எங்க கரையில கார் மேலேர்ந்து சாகாது, கீழேர்ந்துதான் சாகும். அவரும் உப்புக் காத்துல வளர்ந்தவர், அவருக்குத் தெரிஞ்சிருக்கு. ட்ரைவர் பக்கம் அடிப்பட்டையில துரு இருந்தது. அது எங்க யாருக்குமே தெரியாது. ரெண்டு நாளா மைக்ரான் கணக்கு பார்த்தவன் ஒரு தடவைகூடக் குனிஞ்சு பார்க்கலை.

மாமா தானா போய் பின் கதவைக் காட்டினார். "இதுல ஒரு ஜாண் கீறல் இருக்குங்க, போகாது, பெயிண்ட் அடிக்கணும்." அந்த ஆள் கீறலைப் பார்க்கலை, மாமாவைத்தான் பார்த்தார். அப்புறம் எஞ்சினைப் பத்தி நாலு கேள்வி, அளத்தைப் பத்தி ரெண்டு கேள்வி. 2,60,000 சொன்ன இடத்துல 2,45,000-க்குப் படிஞ்சது. துருவுக்குப் பத்து, கீறலுக்கு அஞ்சுன்னு அவரே கணக்கு சொன்னார். ஆக, துடைச்சதுக்கு விலை 5,000 ரூபாய். மாமா ரெண்டு நாள் என்கிட்ட முகம் குடுத்துப் பேசலை. அந்த அஞ்சாயிரத்தை நான் நீட்டினப்ப "போ மாப்ள"ன்னு கையைத் தட்டி விட்டுட்டார். அக்கா வாங்கிக்கிட்டா :-)

துடைச்சதால அவர் நம்பி வாங்கினார், நேர்மை ஜெயிச்சதுன்னு இதுக்கு ஒரு நீதி எழுதலாம்னுதான் முதல்ல நெனச்சேன். நிஜமா அப்படி ஒண்ணும் நடக்கலை. துடைக்காம இருந்திருந்தாலும் அவர் வாங்கியிருப்பார், இன்னும் அஞ்சாயிரம் கூடவே குடுத்திருப்பார். கடன்ல அது அஞ்சாயிரம் குறைஞ்சிருக்கும். என்ன ஒண்ணு, மூணு வாரம் கழிச்சு அவர் மாமாவுக்குப் போன் பண்ணினாராம். மாமா ஃபோனை எடுக்கிறப்ப பயப்படலையாம். அக்காதான் சொன்னா. "அடிப்பட்டை துருவை எங்க காட்டலாம்ணே"ன்னு கேட்டிருக்கார். மாமா தெரிஞ்ச மெக்கானிக்கைச் சொல்லி, கூடவே போயும் வந்திருக்கார். இப்ப சீசன் உப்பு வீட்டுக்கு வேணும்னு ஒரு மூட்டை சொல்லி வச்சிருக்காராம். நல்லா வடிஞ்ச உப்பா!

அன்னிக்கு சாயங்காலம் அழுக்குத் துணியெல்லாம் அம்மா வாங்கிட்டுப் போய் துவைச்சுப் போட்டாங்க. சென்னைக்குக் கிளம்பறப்ப எடுத்துப் பையில வைக்கப் போனா, கொடியில ராத்திரி பூரா கடல்காத்துல கிடந்து எல்லாம் பிசுபிசுன்னு இருந்தது. அப்பாவைப் பார்த்தேன். "நம்ம வெள்ளைதான். சென்னைக்குப் போய் நல்ல தண்ணியில ஒரு தடவை அலசிடு"ன்னார்.

டிஸ்கி 1: மைக்ரோஃபைபர் துணிக்கு கம்ஃபர்ட் மாதிரி சமாச்சாரமெல்லாம் ஊத்தாதீங்க. இழையில படிஞ்சு துணி எச்சத்தை வாங்காது. காம்பவுண்ட் துணியை மத்த துணியோட சேர்த்தும் துவைக்காதீங்க.

டிஸ்கி 2: ஆல்கஹால் தண்ணியைப் புதுசா பெயிண்ட் அடிச்ச வண்டி மேல அடிக்காதீங்க. பெயிண்ட் நல்லா இறுகுற வரைக்கும் சில வாரம் விட்டுடுங்க.

டிஸ்கி 3: நீங்க என் இடத்துல இருந்தா துடைச்சிருப்பீங்களா, விட்டிருப்பீங்களா? மாமா சொன்னதுக்கு என்கிட்ட இல்லாத பதில் உங்ககிட்ட இருந்தா சொல்லுங்க. அவர்கிட்ட படிச்சுக் காட்டணும்.